டி91 குழாய்க்கு ஆள் பழக்க: கையோடு சூட்டையும் பழக்குங்கள்

கேள்வி: திருச்சி துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறோம். இதுவரை கார்பன் ஸ்டீல் டக்ட், ஸ்ட்ரக்சர், கொஞ்சம் லோ அலாய் குழாய் வேலை பார்த்து வந்தோம். இப்போது சூப்பர்கிரிட்டிகல் கொதிகலனுக்கு டி91 காயில் (91 ரக ஸ்டீலின் சிறு குழாய்ச் சுருள்), பி91 ஹெடர் (அதே ரகத்தில் பல குழாய்கள் வந்து சேரும் தடித்த குழாய்) வேலைக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள். வெளியூர் ஆள் கொண்டுவராமல், ஐ.டி.ஐ. முடித்த உள்ளூர்ப் பையன்கள் 12 பேரை ஆறு மாதத்தில் வெல்டராக்கிவிட முடியுமா? பயிற்சிக்கு டி91 குழாய் வாங்கும் செலவை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. பழகி முடித்ததும் வளைகுடாவுக்குக் கிளம்பிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஆறு மாதத்தில் முடியும். ஆனால் 12 பேரையும் வெல்டராக்காதீர்கள். ஆறு பேர் வெல்டர், இரண்டு பேர் ஃபிட்டர், இரண்டு பேர் எஸ்.ஆர். எனப்படும் வெப்பச் சிகிச்சைக்கு, ஒருவர் ராடும் ஒயரும் பார்த்துக்கொள்ள ஸ்டோருக்கு, ஒருவர் சோதனை உதவிக்கு. இப்படிப் பிரித்துப் பழக்கினால்தான் இந்த வேலை உங்கள் பட்டறையில் நிற்கும். டி91 வேலையில் நல்ல வெல்டரின் கையால் கெட்ட ஜாயிண்டைவிட, அவர் எழுந்து போன பிறகு சூடு தவறிக் கெட்ட ஜாயிண்ட்தான் ஆபத்தானது. முதல் வகையை எக்ஸ்ரே பிடித்துவிடும். இரண்டாவது எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று நல்ல ஜாயிண்டாகவே தெரியும்.

ஏன் இந்த ஸ்டீலுக்கு இத்தனை ஆச்சாரம் என்று பையன்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாதவன் மேற்பார்வையாளர் நகர்ந்ததும் விதியை விட்டுவிடுவான். பழைய 500 மெகாவாட் கொதிகலன்களில் நீராவி சுமார் 170 பார் அழுத்தம், 540 டிகிரி செல்சியஸ். இப்போதைய 660, 800 மெகாவாட் சூப்பர்கிரிட்டிகல் அலகுகளில் 247 பார் வாக்கில் அழுத்தமும், 565 முதல் 593 டிகிரி வரை வெப்பமும் வரும். தண்ணீரின் மாறுநிலை அழுத்தமான 221 பாரைத் தாண்டிவிட்டதால் அங்கே கொதித்தல் என்ற கட்டமே கிடையாது. சூடும் அழுத்தமும் ஏற ஏற அதே மின்சாரத்துக்கு நிலக்கரி குறையும். நிலையத்தின் செயல்திறன் 38 சதவீதத்திலிருந்து 40 ஆனால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் எரியும் நிலக்கரி 5 சதவீதம் மிச்சம். கரியமில வாயுவும் சாம்பலும் அதே அளவுக்குக் குறையும். வட சென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகும், உடன்குடியின் இரண்டு 660 மெகாவாட் அலகுகளும் இந்த வகைதான். அந்தச் சூட்டில் சாதாரண ஸ்டீல் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு உப்பிப்போகும். அதைத் தாங்கத்தான் 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், சிட்டிகை அளவு வனேடியம், நியோபியம், நைட்ரஜன் சேர்த்த 91 ரகம் வந்தது.

இதன் பலம் சேர்மானத்தில் மட்டும் இல்லை, உள்ளமைப்பில் இருக்கிறது. மிக நுண்ணிய கார்பைடு, நைட்ரைடு துகள்கள் ஆணி அடித்த மாதிரி அமைப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. சரியான சூட்டில் பதப்படுத்தினால் அந்த ஆணிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். தவறான சூடு பட்டால் அதே 9 சதவீத குரோமியம் அப்படியே இருக்க, பலம் மட்டும் போய்விடும். 30 வருடம் ஓட வேண்டிய குழாய் சில வருடத்திலேயே வெடிக்கும். தென்னாப்பிரிக்காவின் மெடுப்பி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பற்றவைப்புகளின் வெப்பச் சிகிச்சை 2013-ல் கேள்விக்குள்ளாகி, திட்டம் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்தது. பெரிய திட்டங்களையே உலுக்கும் விஷயம் இது.

இனி ஒரு கண்ணியைச் சொல்கிறேன். அமெரிக்க எஞ்சினியர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதிநூல் ஒன்பதாம் பிரிவின்படி வெல்டர் தேர்வில், கார்பன் ஸ்டீல் குழாயில் தேறியவரையே 91 ரகத்துக்கும் தகுதியானவராகக் காகிதத்தில் காட்ட முடியும். வெல்டரைப் பொறுத்தவரை இரண்டு உலோகமும் ஒரே பெரிய தொகுப்புக்குள் வருகின்றன. ராடும் ஒயரும்கூட ஒரே எண் வரிசைதான். ‘6ஜி பாஸ்’ (சாய்த்து நிறுத்திய குழாயில் தேறியவர்) என்ற சான்றிதழைப் பார்த்து ஆளை நேராக டி91-இல் உட்கார வைக்காதீர்கள். 9 குரோமியம் உருகிய குழம்பு கார்பன் ஸ்டீலைப் போல ஓடாது. மந்தமாக, கொஞ்சம் பசை மாதிரி நகரும். கார்பன் ஸ்டீலில் பழகிய வேகத்தில் போனால் ரூட் எனப்படும் அடி அடுக்கின் ஓரம் ஒட்டாமல் நிற்கும்.

ஆறு வெல்டர்களுக்கும் 24 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் நான்கு வாரம் தகடும் கிரைண்டிங்கும். ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. அதில் பையன்களுக்கு அடிப்படை இருக்கும், குழாய் அனுபவம் இருக்காது. கிரைண்டிங்கை அலட்சியம் செய்ய வேண்டாம். ரூட் முகம் (விளிம்பில் சாய்த்துச் சீவாமல் விடும் தட்டைப் பகுதி) 1 முதல் 1.5 மி.மீ. சீராக வைக்கத் தெரியாதவனுக்கு ரூட் ஒருநாளும் சீராக வராது. அடுத்த ஆறு வாரம் கார்பன் ஸ்டீல் குழாய்: டிக்கில் (ஆர்கான் வாயு மூடலில் ஒயரால் ஒட்டுவது) ரூட், ஆர்க்கில் (பூச்சு ராடால் ஒட்டுவது) நிரப்புதல், 2ஜி (நின்ற குழாய்), 5ஜி (படுத்த குழாய்), பிறகு 6ஜி. அதன்பின் நான்கு வாரம் லோ அலாய் ரகமான டி22. இதில்தான் பிரீஹீட் (ஒட்டுமுன்பே குழாயைச் சூடேற்றுவது) பழக்கம் வர வேண்டும். எட்டு வாரம் டி91. கடைசி இரண்டு வாரம் தேர்வு.

டி91 கட்டத்தில் ஸ்டாண்டில் தனிக் குழாயை மட்டும் நிறுத்திப் பழக்காதீர்கள். காயிலில் பக்கத்துக் குழாய் முட்டும். வரைபடத்தில் இருக்கும் அதே இடைவெளியில் இரண்டு பக்கமும் டம்மி குழாய் கட்டிவிடுங்கள். பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்து ஓட்டவும், இடது கையால் டார்ச் பிடிக்கவும் அங்கேதான் வரும். கண்ணாடியில் ஒயர் எதிர்த்திசையில் நகர்வதாகத் தெரியும். அந்தக் குழப்பம் தெளியவே பத்துப் பதினைந்து ஜாயிண்ட் ஆகும்.

குழாய்ச் செலவுக்கு வருகிறேன். 51 மி.மீ. வெளிவிட்டக் குழாயை 300 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு ஜோடியை ஒட்டிச் சோதித்தபின், ஜாயிண்டையும் சூடு பட்ட பகுதியையும் சேர்த்துப் பக்கத்துக்கு 18 மி.மீ. போல வெட்டி எறிந்துவிட்டு விளிம்பை மறுபடி சாய்த்துச் சீவி பெவல் போடலாம். துண்டு 75 மி.மீ. ஆகும்வரை ஒரு ஜோடியில் 12 ஜாயிண்ட் கிடைக்கும். ஆளுக்கு 40 ஜாயிண்ட் என்றால் ஆறு பேருக்கு 240, அதாவது 20 ஜோடி. மொத்தம் 12 மீட்டர் குழாய், ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டே லெங்த். தேர்வுக்கு மட்டும் புதுத் துண்டு தனியாக வையுங்கள். இப்படியே 150 மி.மீ. துண்டில் ஆரம்பித்தால் நான்கே ஜாயிண்டில் முடிந்துவிடும். முதல் வெட்டில் செய்யும் சிக்கனம் பிறகு நஷ்டமாகும் இடம் இது.

ஃபிட்டர்களுக்கு: ரூட் இடைவெளி 2.5 முதல் 3 மி.மீ., இரு குழாயின் உள்விளிம்பு ஏற்ற இறக்கம் 1 மி.மீ.க்குள். டாக் (இரு குழாயையும் பிடித்து நிறுத்தும் சின்ன ஒட்டு) போடும்போதும் பிரீஹீட் உண்டு. ‘சின்ன டாக்தானே’ என்று குளிர்ந்த குழாயில் வைத்த டாக், நுண்விரிசலோடு ரூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாயின் மேல் ஆர்க் தட்டிப் பார்க்கவே கூடாது. அந்தப் புள்ளி கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். தட்டிவிட்டால் கிரைண்ட் செய்து, விரிசல் சோதனை செய்துதான் விட வேண்டும்.

பர்ஜிங்கில், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை ஆர்கானால் வெளியேற்றுவதில், ஒரு கணக்கைப் பையன்களை வைத்தே போடச் சொல்லுங்கள். உள்விட்டம் 200 மி.மீ. உள்ள ஹெடரில் 600 மி.மீ. இடைவெளியில் இரண்டு தடுப்பு வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 19 லிட்டர். அது சுத்தமாக வெளியேற ஆறு மடங்கு ஆர்கான் வேண்டும் என்று வைத்தால் 113 லிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் விட்டால் ஒன்பதரை நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஆர்க் அடிப்பவனுக்கு ரூட் உள்பக்கம் கறுத்து, சர்க்கரைத் துகள் ஒட்டிய மாதிரி பொரிந்திருக்கும். ஆர்கான் காற்றைவிடக் கனம் என்பதால் கீழே விட்டு மேலே வெளியேற்ற வேண்டும். தடுப்புக்குத் தண்ணீரில் கரையும் காகிதம் போதும், பிறகு உள்ளே தங்காது. ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ஆர்க். வெல்டிங் நடக்கும்போது ஓட்டத்தை 6 லிட்டர் வாக்கில் குறைக்கலாம். கடைசித் துண்டை மூடும்போது இன்னும் குறைக்காவிட்டால் உள் அழுத்தம் உருகிய குழம்பை வெளியே தள்ளி, ரூட் குழிந்துவிடும். ரூட்டும் அதற்கு மேல் ஒரு அடுக்கும் முடியும்வரை ஆர்கானை நிறுத்தக் கூடாது. ஹெடருக்குள் தலையை நுழைத்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள். ஆர்கான் தேங்கிய இடத்தில் மூச்சு முட்டுவதற்கு எந்த வாசனையும் முன்னறிவிப்பும் இருக்காது. 9 குரோமியப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது, புகை உறிஞ்சி கட்டாயம் வேண்டும்.

அடுத்து, முக்கியமான பகுதியான சூடு.

வெல்டிங் முழுக்கக் குழாய் குறைந்தது 200 டிகிரியில் இருக்க வேண்டும், 220 என்றால் இன்னும் நிம்மதி. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் 300-ஐத் தாண்ட வேண்டாம். 200, 300 டிகிரியில் உருகிக் காட்டும் இரண்டு வெப்பச் சாக் கட்டி ஒவ்வொரு வெல்டர் பையிலும் இருக்கட்டும். வெல்டிங் முடிந்ததும் செய்ய வேண்டிய வேலைதான் புதியவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். நேராக 760 டிகிரிக்கு ஏற்றக் கூடாது, முதலில் ஆறவிட வேண்டும். இந்த ஸ்டீல் சுமார் 400 டிகிரியில் மாறத் தொடங்கி, 100-ஐ ஒட்டித்தான் முழுதாக மார்ட்டன்சைட் என்ற கடினமான உள்ளமைப்பு ஆகிறது. 200 டிகிரியில் இருக்கும்போதே எஸ்.ஆர். ஏற்றிவிட்டால், மாறாமல் மிச்சமிருந்த பகுதி எஸ்.ஆர். முடிந்து ஆறும்போதுதான் மாறும். அப்போது அதைப் பதப்படுத்த எந்தச் சூடும் மிச்சமில்லை. கடினமாய், நொறுங்கும் நிலையில் அப்படியே நின்றுவிடும். ஆகவே தடித்த பி91-ஐ 80 முதல் 100 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.

அதன்பின் தாமதமில்லாமல் எஸ்.ஆர். வழக்கமான அளவு 760 டிகிரி. 730-க்குக் கீழே போகக் கூடாது, 775 மேல் எல்லை. 300 டிகிரிக்கு மேல் மணிக்கு 100 முதல் 150 டிகிரி வேகத்தில் ஏற்றி, அதே வேகத்தில் இறக்க வேண்டும். நிறுத்தும் நேரம் மி.மீ.க்கு இரண்டரை நிமிடம். மெல்லிய குழாய்க்கும் ஒரு மணிக்குக் குறையாமல், தடித்த ஹெடருக்கு இரண்டு மணிக்குக் குறையாமல் வைப்பது வழக்கம். உங்கள் வாடிக்கையாளர் தரும் வெல்டிங் நடைமுறைத் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சட்டம். எஸ்.ஆர். தள்ளிப்போகும் என்று தெரிந்தால் 250 முதல் 300 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை ஓட்டிவிட்டு, மூடி, ஈரம் படாமல் வையுங்கள். எஸ்.ஆர். ஆகாத டி91 ஜாயிண்ட் நனைந்தால் விரிசல் விடும். ஐப்பசி மழையில் கூரை ஒழுகும் ஷெட்டில் இந்த வேலையை வைக்கவே வேண்டாம். மின்தடைக்கு ஜெனரேட்டர் வேண்டும். எஸ்.ஆர். நடுவில் கரண்ட் போனால், மறுபடி ஏற்றி நிறுத்தும் நேரத்தை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

வெப்பச் சிகிச்சைக்கு வைத்த இரண்டு பையன்களுக்கும் கட்டாயம் காட்ட வேண்டிய தவறு ஒன்று உண்டு. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளிலிருந்து ரெக்கார்டர் வரை போகும், அதற்கென்றே உள்ள காம்பன்சேட்டிங் கேபிள் நீளம் பற்றவில்லை என்று யாராவது சாதாரணச் செம்பு ஒயரைச் சேர்த்துவிடுவார்கள். கே வகைத் தெர்மோகப்பிள் தன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கும். செம்பு சேர்ந்த இடம் ஹீட்டர் பக்கத்தில் 70 டிகிரியில் இருக்கிறது, ரெக்கார்டர் 35 டிகிரி அறையில் இருக்கிறது என்றால், காட்டும் அளவு உண்மையைவிட 35 டிகிரி குறையும். படத்தில் அழகாக 760 என்று நேர்கோடு ஓடும். குழாயோ 795-இல் வெந்துகொண்டிருக்கும். 800-ஐ ஒட்டி உள்ளமைப்பே மறுபடி உருமாறத் தொடங்கும் எல்லை இருக்கிறது. நிக்கலும் மாங்கனீசும் கூடுதலான ராடாக இருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் ராடு வாங்கும்போது இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று சான்றிதழில் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு பழைய குழாயில் செம்பு ஒயருடன் ஒன்று, சரியான கேபிளுடன் ஒன்று என்று இரண்டு தெர்மோகப்பிளை அடுத்தடுத்து ஒட்டி, இரண்டு கோடும் பிரிவதைப் பையன்கள் கண்ணால் பார்க்கட்டும். அரை நாள் வேலைதான், ஆயுளுக்கும் மறக்காது.

இதேபோல இரண்டு மண்டலங்களின் தெர்மோகப்பிள் ஒயர் மாறிவிட்டால், கருவி குளிர்ந்த பக்கத்தைப் பார்த்துச் சூடான பக்கத்தை ஏற்றிக்கொண்டே போகும். ஹெடரில் மேல்பக்கம் எப்போதும் சூடு கூடும், அடிப்பக்கம் குறையும். அதனால் 12, 3, 6, 9 மணி நிலைகளில் ஒவ்வொன்று வேண்டும். தெர்மோகப்பிள் முனையின் மேல் செராமிக் கம்பளித் துண்டு வைக்காவிட்டால் அது ஹீட்டரின் சூட்டைக் காட்டும், குழாய்க்குப் போதிய சூடு சேராது.

ஸ்டோர் பையனை ‘கணக்குப் பிள்ளை’ என்று நினைக்காதீர்கள். டி22-க்கான பி3 ஒயரும் டி91-க்கான பி9 ஒயரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அச்சு பதித்த முனையை முதலில் எரித்துவிட்டு மிச்சத்தை மேஜையில் போட்டால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அச்சு உள்ள முனை கடைசிவரை கையில் இருக்க வேண்டும். மிச்சத்தைக் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். முடிந்த ஜாயிண்டில் கையடக்க உலோகச் சோதனைக் கருவியால் குரோமியம் பார்த்துவிடுவது நல்லது. இ9015-பி9 ராடை 350 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்து, 120 டிகிரி ஓவனில் வைத்து, வெல்டருக்குச் சூடான குடுவையில் கொடுக்க வேண்டும். திறந்து கிடந்த ராடு, திருச்சி வெயிலிலும்கூட, ஈரம் இழுத்த ராடுதான்.

சோதனைப் பையனுக்குக் கடினத்தன்மை அளக்கும் கையடக்கக் கருவி போதும். பிரினெல் அளவில் 190-க்குக் கீழே வந்தால் சூடு எல்லை மீறியதாகச் சந்தேகப்பட வேண்டும், 270-க்கு மேல் போனால் எஸ்.ஆர். போதவில்லை. ஆனால் மேல்தோல் கார்பன் இழந்து மெத்தென்று இருக்கும். அரை மி.மீ. தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல குழாயைக் கெட்டதென்று வெட்டிப்போடுவீர்கள். போதாத எஸ்.ஆர்.-ஐ மறுபடி செய்யலாம். எல்லை மீறிச் சூடேறிய ஜாயிண்டை எஸ்.ஆர். மறுபடி போட்டு மீட்க முடியாது. வெட்டி, புதுத் துண்டு வைப்பதே வழி. எவ்வளவு அவசரத்திலும் இதில் சமரசம் வேண்டாம் என்று உங்களிடமும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்து அழுத்தம் உங்கள் மேல்தான் வரும்.

தேர்வுக்கு ஐ.பி.ஆர். எனப்படும் இந்தியக் கொதிகலன் விதிகளின்படி மாநிலக் கொதிகலன் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். 1923-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய கொதிகலன் சட்டம் வந்துவிட்டது. ஆகவே பழைய படிவத்தை நம்பாமல் துறையில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். 51 மி.மீ. குழாயில் தேர்வு வைத்தால், ஏ.எஸ்.எம்.இ. கணக்கில் 25 மி.மீ.க்கு மேற்பட்ட எல்லா விட்டத்துக்கும் தகுதி கிடைக்கும். ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாதவருக்குத் தகுதி போய்விடும், அதனால் ஆளுக்கொரு வேலைப் பதிவேடு அன்றன்றைக்கு எழுதப்பட வேண்டும். பயிற்றுநர் வேண்டுமென்றால் தொலைவே போக வேண்டாம். 1975-ல் தொடங்கிய பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் உங்கள் ஊர் பெல் வளாகத்தில்தான் இருக்கிறது. இரண்டு பையன்களையாவது அங்கே அனுப்பி, அவர்களை மற்றவர்களுக்கு ஆசானாக்குங்கள்.

வளைகுடா பயத்துக்கு வருகிறேன். சிலர் போகத்தான் செய்வார்கள். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது முறையல்ல, பையன் உங்கள் மேல் வைத்த நம்பிக்கையும் அன்றோடு போய்விடும். 1961-ஆம் வருடப் பழகுநர் சட்டத்தின்கீழ் முறைப்படி பதிவு செய்து உதவித்தொகை கொடுங்கள், அதில் ஒரு பகுதியை மத்திய அரசுத் திட்டம் ஏற்கிறது. தேர்வில் தேறிய மாதமே சம்பளத்தைக் கூட்டுங்கள். எக்ஸ்ரேயில் தேறும் ஜாயிண்டுக்குக் கூடுதல் தொகை கொடுப்பதானால் வெல்டருக்கு மட்டும் கொடுக்காமல், அந்த ஜாயிண்டைத் தொட்ட ஃபிட்டர், எஸ்.ஆர். ஆள், ஸ்டோர் ஆள் எல்லோருக்கும் பங்கிடுங்கள். நிலக்கரி ஆர்டர் நாளைக்குக் குறைந்தாலும் இந்தக் கைப்பழக்கம் வீணாகாது. எரிவாயு மின்நிலையங்களின் நீராவிக் குழாய்களிலும் இதே 91 ரகம்தான் ஓடுகிறது.

குழாய்க்கு ஆர்டர் கொடுக்குமுன் நான்கு பொருள்களை வாங்கிவிடுங்கள்: ராடு வறுக்கும் ஓவன், ஆக்சிஜன் மீட்டர், குறைந்தது ஆறு புள்ளி வெப்பப் பதிவுக் கருவி, அதற்குப் போதுமான நீளத்தில் சரியான கேபிள். பதிவுக் கருவிக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் கையில் வந்த பிறகு முதல் டி91 துண்டை வெட்டலாம்.